மாத்திரை ஆரம்பித்த பிறகு மனசு சரியில்லை: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

போன இதழில் சர்க்கரை மாத்திரைகளைப் பற்றி எழுதும்போது, சில மருந்துகள் உடம்பைச் சரிசெய்து கொண்டே மனசை வாட்டிவிடும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முறை கடிதங்கள் வந்திருக்கின்றன, குடியாத்தத்தில் இருந்து அரக்கோணம் வரை. அதனால் இந்த இதழ் முழுக்க அதையே பேசிவிடலாம். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியும் இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அபூர்வமான விஷயம் இல்லை. அமெரிக்காவில் 26,000 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. டாக்டர் சீட்டில் எழுதித் தரும் மருந்துகளில் 200-க்கும் அதிகமானவற்றின் பக்கவிளைவுப் பட்டியலில் மனச்சோர்வு இருக்கிறது, மூன்று பேரில் ஒருவருக்கு மேல் அதில் ஏதோ ஒன்றைச் சாப்பிடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. பட்டியலில் இருப்பதாலேயே சாப்பிடுகிற எல்லோருக்கும் வந்துவிடும் என்று அர்த்தம் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் வந்தவர்கள் அதை மாத்திரையோடு சேர்த்து யோசிப்பதே இல்லை, வீட்டில் இருப்பவர்களும் யோசிப்பதில்லை. அதுதான் என் கவலை.

கேள்வி: டாக்டர் அம்மா, எங்களுக்குக் குடியாத்தம். என் வீட்டுக்காரருக்கு 41 வயசு, லுங்கி தறி வேலை. போன ஆடி மாசம் பள்ளிகொண்டா பக்கம் பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடி. கொஞ்ச நாளில் ஃபிட்ஸ் வந்தது. லெவெடிராசெட்டம் 500 காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று கொடுத்தார்கள். அப்புறம் ஃபிட்ஸ் வரவே இல்லை. ஆனால் ஆளே மாறிட்டார். சோறு கொஞ்சம் குழைஞ்சிருந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறார், அப்புறம் அவரே திண்ணையில் போய் உட்கார்ந்து அழுகிறார். பிள்ளைகள் கிட்டே போகப் பயப்படுதுங்க. அடிபட்ட இடத்தில் ஏதோ பிடிச்சிருக்கு என்று மாமியார் மந்திரிச்சு கயிறு கட்டியிருக்காங்க. "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று ரெண்டு தடவை சொல்லிட்டார். மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த ஃபிட்ஸ் முன்னைவிட அதிகமாகத் திரும்பலாம், சில சமயம் நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமான சந்தேகம். லெவெடிராசெட்டம் நல்ல மருந்து, வேகமாக வேலை செய்யும், மற்ற மாத்திரைகளோடு அதிகம் மோதாது, அதனால்தான் தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு அதை எழுதுகிறார்கள். அதற்கு ஒரு குறை உண்டு, அது மனசில் போய் வேலை காட்டும். எரிச்சல், சட்டென்று கோபம், அழுகை, எதிலும் பிடிப்பில்லாமல் போவது. மருந்து வெளிவரும் முன் நடந்த சோதனைகளில், பெரியவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு இப்படி நடத்தையில் மாற்றம் தெரிந்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 6 பேருக்கு. அப்படியென்றால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் ஒரு தெருவில் பத்துப் பேர் இதைச் சாப்பிட்டால் ஒருவர் வீட்டிலாவது இந்தக் கதை நடக்கும். உங்கள் வீட்டுக்காரர் அந்த ஒருவராக இருக்கலாம். தட்டைத் தள்ளிவிட்டு அப்புறம் அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, இந்த மருந்து சாப்பிடுகிறவர்களின் வீட்டில் நான் அடிக்கடி கேட்கிற விஷயம் அது. கோபம் வந்து போன பிறகு அவருக்கே அவர்மேல் வெறுப்பு வருகிறது. அவர் கெட்டவராகிவிடவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அப்பா உடம்பு சரியில்லாமல் இருக்கார் என்று சொன்னால் அதுங்களுக்குப் புரியும்.

மாத்திரைதான் காரணம் என்று நானும் இங்கே இருந்துகொண்டு அடித்துச் சொல்ல முடியாது. தலையில் அடிபட்டதே மனச்சோர்வைக் கொண்டுவரும். பைக் ஓட்டக்கூடாது என்றிருப்பார்கள், தறிக்குப் போகவும் பயமாக இருக்கும், வருமானம் நின்றிருக்கும், அதுவும் சேரும். இதில் எது என்று பிரிக்க ஒரே வழி தேதிதான். அடிபட்ட தேதி, மாத்திரை ஆரம்பித்த தேதி, முதல் தடவை கத்திய தேதி, மாத்திரை அளவைக் கூட்டியிருந்தால் அந்தத் தேதி. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், மாத்திரைக்கு முன்னால், சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார் என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வாரமே போங்கள், அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வலிப்புக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி மாற்றுவார்கள், சில வாரம் பிடிக்கும். மாத்திரைதான் காரணம் என்றால், மாற்றிய பிறகு மனுஷர் பழையபடி ஆவதைப் பெரும்பாலும் நீங்களே பார்ப்பீர்கள்.

அவர் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் லேசாக விடாதீர்கள். வலிப்பு மருந்துகள் 11-ஐ எடுத்துக்கொண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-இல் எச்சரித்தது, தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு நான்கு பேருக்கும், சாப்பிடாதவர்களில் இரண்டு பேருக்கும் வந்ததாக. எண்ணிக்கை சின்னதுதான், உங்கள் வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்ட பிறகு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து நேரடியாகவே கேளுங்கள், "சாகணும்னு தோணுதா?" என்று. கேட்டால் அந்த நினைப்பைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், அப்படி ஆகாது. கேட்டால்தான் அவருக்குச் சொல்ல வாய் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சி மருந்தோ எலி மருந்தோ இருந்தால் வெளியேற்றுங்கள், மாத்திரை அட்டையை நீங்களே வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக் கொடுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நள்ளிரவாக இருந்தாலும் 14416-க்குப் போன் பண்ணலாம். அது டெலி மானஸ், மத்திய அரசு 2022-இல் ஆரம்பித்த இலவச எண், தமிழில் பேசுவார்கள்.

கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். மாமியாரும் பிள்ளை மேல் இருக்கும் பாசத்தில்தான் கட்டியிருக்கிறார். அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், பையன் மாறிப்போனதை அவரும் நாளுக்கு நாள் பார்த்திருக்கிறார், அவர் சாட்சியும் வேண்டும்.

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் வாலாஜாபேட்டை. அம்மாவுக்கு 58 வயது, முட்டி வலி. எங்கள் பக்கத்தில் ஊசி போடுகிற ஒருவர் பேப்பரில் மடித்து மாத்திரை கொடுப்பார், வேளைக்கு மூன்று, அதில் சின்னதாக ஒன்று. சாப்பிட்ட இரண்டே நாளில் அம்மா மாடிப்படி ஏறினார். ஒரு வருஷத்துக்கு மேல் அதுதான். "உங்கம்மா நல்லா பூசினாப்ல ஆயிட்டாங்களே" என்று எல்லோரும் சொன்னார்கள். போன மாதம் அவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். அதில் இருந்து அம்மா படுத்த படுக்கை. வலிகூடப் பரவாயில்லை, மனசு விட்டுப் போச்சு என்கிறார். சாப்பாடு இறங்கவில்லை, எழுந்தால் கிறுகிறுக்கிறது, பேசினாலே அழுகை.

பதில்: இதைப் படித்ததும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் தம்பி, உண்மையாகத்தான் சொல்கிறேன், மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

அந்தச் சின்ன மாத்திரை ஸ்டீராய்டு என்றுதான் தோன்றுகிறது, டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ. இரண்டு நாளில் மாடி ஏற வைத்தது, முகம் உப்பியது, இரண்டும் அதைத்தான் காட்டுகின்றன. பூசினாப்போல ஆனது சதை இல்லை. ஸ்டீராய்டு ஆஸ்துமாவுக்கும், மூட்டுவாதத்துக்கும், இன்னும் பல கடுமையான நோய்களுக்கும் உயிர் காக்கும் மருந்து, அளவு தெரிந்தவர் கையில். நம் சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் காலையில் இதே வகைச் சுரப்பைச் சுரக்கிறது. வெளியில் இருந்து மாத்திரையாக மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி தூங்கிவிடும். மாத்திரை திடீரென்று நின்றால் உடனே எழுந்துகொள்ளாது. அந்த இடைவெளியில்தான் உங்கள் அம்மா இருக்கிறார் என்று பயப்படுகிறேன். எழுந்தால் கிறுகிறுப்பு, சாப்பாடு இறங்காமை, அசதி எல்லாம் அதில் வரும். வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகிவிடும்.

மனசு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீராய்டு மனசை இரண்டு பக்கமும் தள்ளும். சாப்பிடும்போது சிலருக்கு ஒரு தெம்பு, தூக்கமில்லாத சுறுசுறுப்பு, பசி. சிலருக்குச் சாப்பிடும்போதே சோர்வும் அழுகையும் குழப்பமும். நிறுத்தினால் இன்னும் பலருக்கு அடியோடு சரிவு. 1972-இல் பாஸ்டன் ஆய்வுக் குழு ஒன்று வெளியிட்ட பழைய கணக்கை இன்றும் பாடத்தில் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை பிரெட்னிசோன் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் சொச்சத்துக்குத்தான் மனநலப் பிரச்சினை வந்தது, 80-ஐத் தாண்டியவர்களில் 18 பேருக்கு. அளவுதான் எல்லாமே. உங்கள் அம்மா சாப்பிட்ட அளவு என்னவென்று யாருக்குமே தெரியாது, பேப்பரில் மடித்த மாத்திரையில் பெயரும் இல்லை, அளவும் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். முட்டி வலியோடு வயலுக்கும் தறிக்கும் போய்க்கொண்டிருக்கிற பெண்கள், டோக்கன் போட்டு நாள் முழுக்கக் காத்திருக்க நேரமில்லாதவர்கள், இவர்களிடம்தான் இந்தப் பொட்டலம் போய்ச் சேருகிறது.

டாக்டரிடம் "ஒரு வருஷம் பெயர் தெரியாத மாத்திரை சாப்பிட்டார், ஸ்டீராய்டாக இருக்கலாம், போன மாதம் திடீரென்று நின்றது" என்ற இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். பழைய பொட்டலம் ஒன்று அலமாரியில் கிடந்தால் எடுத்துப் போங்கள். காலையில் ரத்தம் எடுத்து, அந்தச் சுரப்பி சுரக்கும் கார்டிசால் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், சர்க்கரை, உப்பு, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அதே ஸ்டீராய்டை அளவாகக் கொடுத்து மெதுவாகக் குறைப்பார்கள், அது மாதக்கணக்கில்கூட ஆகலாம். "மறுபடியும் அதே மாத்திரையா?" என்று பதறாதீர்கள். வலிக்குத் தனியாக வைத்தியம் உண்டு. மனசுக்கும் அப்புறம் தேவைப்பட்டால் பார்க்கலாம், முதலில் அந்தச் சுரப்பி.

கேள்வி: டாக்டர், எங்கள் பெண்ணுக்கு எட்டு வயது, அரக்கோணம். காலையில் எழுந்தால் தும்மல், மூக்கு ஒழுகல். மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரை ராத்திரியில் கொடுக்கிறோம். தும்மல் குறைந்துவிட்டது. ஆனால் ராத்திரி அலறிக்கொண்டு எழுகிறாள், பகலில் யாரோடும் விளையாடப் போவதில்லை, "என்னை யாருக்கும் பிடிக்கல" என்கிறாள். ஸ்கூலில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்களோ?

பதில்: ஸ்கூலிலும் விசாரியுங்கள், அது நல்லதுதான். ஆனால் மாத்திரையை முதலில் பாருங்கள். மான்டெலுகாஸ்ட் சாப்பிடும் சில குழந்தைகளுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், சோகம் வருகிறது என்று பல வருஷமாகத் தெரியும். 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்தோடு வரும் தகவல் தாளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது, வெறும் தும்மல், மூக்கு ஒழுகலுக்கு மற்ற மருந்துகள் ஒத்துவராதபோது மட்டும் இதைக் கொடுங்கள் என்றும் சொன்னது. நம் ஊரில் சளி, தும்மல் என்றாலே இது எழுதப்படுகிறது, ஒரு தடவை எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்குகிறோம்.

இன்றைக்கே உங்கள் குழந்தை டாக்டருக்குப் போன் பண்ணி, கனவையும் அந்த வார்த்தையையும் சொல்லி, நிறுத்தலாமா என்று கேளுங்கள். மேலே சொன்ன இரண்டு மருந்துகள் மாதிரி இதைப் படிப்படியாக இறக்க வேண்டியதில்லை. தும்மலுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே இருக்கிறது. குழந்தைக்கு வீசிங்கும் இருந்தால் மட்டும், நிறுத்தும் முன் அதற்கு என்ன மாற்று என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நிறுத்திய பிறகு அடங்கிவிடும், அடங்காவிட்டால் விடாமல் திரும்பப் போங்கள். அதுவரை ராத்திரி அவளோடு ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள். "சும்மா நடிக்காதே" என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

கேள்வி: ஐயா/அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு, வயது 66. பிரஷருக்கு அட்டினலால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இரண்டும் பத்து வருடத்துக்கு மேல். சென்ற ஆண்டு என் மனைவி காலமானார். ஆறு மாதமாகப் பேப்பர் படிக்கக்கூட மனம் வரவில்லை. பிரஷர் மாத்திரை மனச்சோர்வு தரும், விட்டுவிடுங்கள் என்கிறார் நண்பர்.

பதில்: ஐயா, உங்கள் இழப்புக்கு என் அனுதாபம். நண்பர் சொன்னதில் ஒரு பழைய உண்மை இருக்கிறது. 1950-களில் பிரஷருக்குச் சர்ப்பகந்தா வேரில் இருந்து எடுத்த ரெசர்பின் பெரிதாகப் புழங்கியது. 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் எழுதிய கட்டுரைதான் அந்த வேரை உலகத்துக்குக் காட்டியது. ரெசர்பினால் மனம் சோர்ந்துபோகிறார்கள் என்று அப்போதே டாக்டர்கள் எழுதினார்கள். அந்தப் பெயர் அப்புறம் வந்த அட்டினலால் வகை மாத்திரைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் 2021-இல், ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இந்த வகை மாத்திரைக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு தெரியவில்லை. அசதி, தூக்கக் குறைவு, விசித்திரமான கனவு இவை வரலாம். பத்து வருஷம் ஒத்துக்கொண்ட மாத்திரை, அளவும் மாறவில்லை என்றால், ஆறு மாதமாக வந்த சோர்வுக்கு அதைக் குற்றம் சொல்வது கஷ்டம். அதைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியும் படபடப்பும் வரலாம், விடாதீர்கள்.

என் சந்தேகம் வேறு. மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும், பி12 குறைந்தாலும் மனம் சோரும், மறதி வரும், கால் மரத்துப்போகும். பி12, தைராய்டு, ரத்த அளவு மூன்றையும் ஒரு தடவை பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், இது துணையை இழந்த துக்கம் நோயாக முற்றியதாக இருக்கலாம், அதற்கும் நல்ல வைத்தியம் உண்டு. உங்களுக்குப் பக்கத்திலேயே, வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் 1957-இல் இருந்து இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலும் காட்டலாம். பாகாயம் என்றாலே ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று தயங்காதீர்கள் ஐயா, எத்தனையோ பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்.

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, வயது 24. பீரியட்ஸ் ஒழுங்காக வர ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது அட்டை ஓடுகிறது. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. கல்யாணம் ஆகாதவள், இந்த மாத்திரை சாப்பிடுவதே வீட்டில் தெரியாது, யாரிடம் கேட்பது?

பதில்: என்னிடம் கேட்டது நல்லதாகப் போயிற்று. டென்மார்க்கில் பத்து லட்சம் பெண்களுக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2016-இல் எழுதினார்கள்: ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்தவர்களில் மனச்சோர்வு மருந்து தேவைப்பட்டவர்கள் கொஞ்சம் அதிகம், பதின்வயதுப் பெண்களில் இன்னும் அதிகம். பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. உனக்கு மாத்திரைக்கு அப்புறம்தான் அழுகை ஆரம்பித்தது என்றால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய்ச் சொல்லு, வேறு வகைக்கு மாற்றலாம், மாத்திரை இல்லாத வழியும் பார்க்கலாம். உன் மாத்திரை என்ன என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் டாக்டருக்கு இல்லை, உனக்கு 18 ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு அக்காவோ தோழியோ, ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்மா.

கேள்வி: ஓபியில் டாக்டர் இரண்டு நிமிஷம்தான் பார்க்கிறார். மனசு சரியில்லை என்று சொன்னால் "எல்லாம் சரியாயிடும்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார். எப்படிச் சொல்வது? (காட்பாடி வாசகர்)

பதில்: "மனசு சரியில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், தேதியில் ஆரம்பியுங்கள். "மே 10 இந்த மாத்திரை ஆரம்பித்தேன், மே கடைசியில் இருந்து தூக்கம் இல்லை, வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, இந்த மாத்திரையால் இருக்குமா?" என்று கேட்டால் எந்த டாக்டரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை சீட்டைப் பார்ப்பார். இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், உள்ளே போனதும் மறந்துவிடும். நாட்டு மருந்து, லேகியம், வலி மாத்திரை, பக்கத்து வீட்டில் வாங்கிச் சாப்பிட்டது எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயர் சொல்ல வராவிட்டாலும் அட்டை பேசும். மெடிக்கலில் அட்டையை வெட்டும்போது, பெயர் இருக்கும் பக்கம் உங்கள் கைக்கு வரும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள்.

அப்படியும் காதில் வாங்காவிட்டால் வேறு டாக்டரைப் பாருங்கள், அதில் தப்பே இல்லை. இன்னொன்றும் செய்யலாம். மருந்தின் பக்கவிளைவை டாக்டர்தான் என்று இல்லை, சாப்பிட்ட நாமே அரசுக்குத் தெரிவிக்கலாம். அதற்கு 2010-இல் ஆரம்பித்த தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது, இலவச எண் 1800-180-3024, வேலை நாட்களில் எடுப்பார்கள். மாத்திரையின் பெயர், பேட்ச் எண், ஆரம்பித்த தேதி, என்ன ஆனது, இந்த நான்கும் கையில் இருந்தால் போதும்.